எந்த ஜாயின்ட், எந்த இடம்?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். துவாக்குடி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்துதரும் ஒரு தனியார் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. மெட்டீரியல் சர்டிஃபிகேட், எக்ஸ்ரே ரிப்போர்ட், ஐ.பி.ஆர். படிவம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் இன்ஸ்பெக்டரிடம் போகும். எட்டு வருஷ அனுபவம். இந்த வருஷம் முதல்முறையாக, மேலாளர் மட்டுமல்லாமல் கூட வேலை செய்கிறவர்களிடமும் என்னைப் பற்றிக் கருத்து வாங்கினார்கள். ‘360 டிகிரி’ என்றார்கள். பெயர் போடாமல் ஐந்து பேர் எழுதியது கைக்கு வந்தது.

“எதற்கெடுத்தாலும் பேப்பர் கேட்கிறார்” என்று ஒருவர். “அவரிடம் கொடுத்துவிட்டால் கவலை இல்லை” என்று இன்னொருவர். “பேச்சு கொஞ்சம் கடுமை”, “யாருடனும் ஒட்டுவதில்லை”, “கேட்டால் சொல்லித் தருவார்” என்பவை மற்ற மூன்று. மேலாளர் எழுதியது: “நல்ல பணியாளர். முன்முயற்சி இன்னும் தேவை.” மதிப்பெண் 5-க்கு 3. போன வருஷம் 4.

‘ஒட்டுவதில்லை’ என்று எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். கம்பெனி வேனில் திருவானைக்கோயிலில் ஏறுகிறவர். மதியம் என் இடத்திலேயே சாப்பிடுவேன், அதற்காகவா இப்படி? தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போய்வர முடியவில்லை. எதை நம்புவது, எதைத் தள்ளுவது? வீட்டில் “நல்ல பணியாளர்னுதானே போட்டிருக்கு, விடு” என்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அந்த 3-ஐ முதலில் தனியாக எடுத்து வையுங்கள் அம்மா. எண்ணையும் எழுத்தையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்பதால், ஐந்து பேர் எழுதியதைக் கூட்டிக் கழித்துத்தான் 3 வந்தது என்று தோன்றும். பணியாளர் துறையில் உட்கார்ந்து நெடுங்காலம் இந்தப் படிவங்களை அடுக்கியவன் என்கிற முறையில் சொல்கிறேன், இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு வழியாக வருகின்றன. எண்ணுக்குப் பின்னால் ஒரு பங்கீடு இருக்கும்.

உங்கள் வேன் தினமும் கடந்துபோகும் திருவெறும்பூர் பக்கத்துப் பொதுத்துறை ஆலையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அத்தனைக்கும் பொருந்தும்படி 2008 நவம்பரில் ஓர் ஆணை வந்தது. அதிகாரிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு மேல் உச்ச மதிப்பீடு தரக்கூடாது. 10 சதவீதம் பேரைக் கடைசித் தட்டில் வைத்தே ஆகவேண்டும், அவர்களுக்குச் செயல்திறன் ஊதியம் கிடையாது. பிரிவில் பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருவர் கீழே போக வேண்டும். ‘பெல் கர்வ்’ என்று பெயர். கீழே போனவர், தான் என்ன தப்பு செய்தோம் என்று வருஷம் பூராவும் யோசித்துக்கொண்டிருப்பார். கடைசியில் 2017 ஆகஸ்டில் அந்தக் கட்டாய 10 சதவீதத்தை அரசே எடுத்துவிட்டது. மேலே 15 சதவீதம் என்ற வரம்பு மட்டும் நின்றது. தனியார் கம்பெனிகள் பலவற்றில் இதே ஏற்பாடு எழுதப்படாத விதியாக இருக்கிறது. உங்கள் பிரிவில் இந்த வருஷம் எத்தனை பேருக்கு 4 கொடுக்க இடம் இருந்தது என்று மேலாளரிடம் கேளுங்கள். தயங்காமல் கேட்கக்கூடிய கேள்விதான் அது. பதில் “ரெண்டே பேருக்குத்தான்மா” என்று வந்தால், 4 எப்படி 3 ஆனது என்பதில் பாதி விளங்கிவிடும்.

அதற்காக எண்ணை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சம்பள உயர்வும் பதவி உயர்வும் அதில்தான் தொங்குகின்றன. வீட்டில் சொல்கிறார்களே, ‘நல்ல பணியாளர்’ என்றுதானே இருக்கிறது, விடு என்று, அதை நம்பி விட்டுவிடாதீர்கள். தேவ் தத் என்ற பொறியாளருடைய வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர். கண்காணிப்புப் பொறியாளர் ஆவதற்கு, முந்தைய ஐந்து வருஷமும் ரகசியக் குறிப்பில் ‘மிக நன்று’ இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு வருஷம் இருந்தது. 1993-94-க்கு மட்டும் ‘நன்று’ என்று எழுதிவிட்டார்கள். பாதகமான குறிப்பை மட்டும் ஊழியருக்குத் தெரிவித்தால் போதும் என்பது அன்றைய வழக்கம். ‘நன்று’ என்பதை யார் பாதகம் என்று நினைப்பார்கள்? அவருக்குச் சொல்லவே இல்லை. பதவி உயர்வும் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 மே 12-ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வே பெற்றிருந்தார். ஒருவரைப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து தள்ளிவிடும் என்றால் ‘நன்று’ என்பதும் பாதகமான குறிப்புதான், ஆகவே எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், அவர் மறுத்து எழுதவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அடுத்த வருஷமே மத்திய அரசு ஆணை போட்டு முழு அறிக்கையையும் காட்டச் சொன்னது. 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது.

(பொன்மலை ரயில்வே பணிமனையிலோ வேறு மத்திய அரசு அலுவலகத்திலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: ஆண்டு அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தரலாம். பலர் கோபம் தணியட்டும் என்று காத்திருந்து அந்த நாட்களைக் கோட்டைவிடுகிறார்கள்.)

தனியாரில் இருக்கும் உங்களுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகக் கைகொடுக்காது. ஆனால் அதிலிருந்து கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். “சார், இந்த 3 இருந்தா சீனியர் பதவிக்கு என்னைப் பரிசீலிப்பாங்களா, மாட்டாங்களா?” அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் வருத்தப்படலாமா வேண்டாமா என்பது.

இனி எழுத்துக்கு வருவோம். இதில் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. திருச்சியில் வெல்டிங் தெரிந்தவர்களிடம் எடுபடுகிற ஒரு விஷயம் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஜாயின்ட் நம்பர், வெல்டர் நம்பர், ஃபிலிமில் எந்த இடம், என்ன குறை என்று இருக்கும். போராசிட்டியா, ஸ்லாக்கா, ஃபியூஷன் சேரவில்லையா. அந்த இடத்தை மட்டும் கிரைண்ட் பண்ணி மறுபடி வெல்டு போட்டு, ‘ஆர்1’ என்று குறித்து இன்னொரு ஃபிலிம் எடுப்பார்கள். ‘இந்த வெல்டருக்கு முன்முயற்சி போதாது’ என்று எந்த ரேடியோகிராஃபராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எழுதினால் நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

அதே கண்ணோடு உங்கள் தாளைப் படியுங்கள். ஆறு கருத்தில் இடம் குறித்துச் சொன்னது ஒன்றுகூட இல்லை. இது உங்கள் குற்றமும் இல்லை, எழுதியவர்கள் குற்றமும் இல்லை. அந்தப் படிவம் கேட்பதே அப்படி. அதனால் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது.

“எதற்கெடுத்தாலும் பேப்பர் கேட்கிறார்” என்பதையும் “அவரிடம் கொடுத்துவிட்டால் கவலை இல்லை” என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே செயலைப் பற்றியவை என்று எனக்குப் படுகிறது. முதலாவது ஷாப் ஃப்ளோரிலிருந்து வந்திருக்கும். அடுத்தது டெஸ்பாட்சிலோ, இன்ஸ்பெக்டரோடு மல்லுக்கு நிற்கிறவரிடமிருந்தோ. குழாயில் பஞ்ச் பண்ணின ஹீட் நம்பரும் (உலோகம் எந்த உருக்கில் வந்தது என்ற அடையாள எண்) சர்டிஃபிகேட்டில் இருக்கிற நம்பரும் ஒத்துப்போகவில்லை என்றால் பாய்லர் இன்ஸ்பெக்டர் முத்திரை வைக்க மாட்டார். 1950-இன் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள் (ஐ.பி.ஆர்.) உங்களைக் கேட்கச் சொல்கின்றன, நீங்கள் கேட்கிறீர்கள். இதைக் குணக்குறை என்று எடுத்துக்கொண்டு நாளைக்குப் பேப்பர் கேட்பதைக் குறைத்தீர்கள் என்றால் கம்பெனிக்குத்தான் கேடு.

ஆனாலும் அந்த வரியை நான் தூக்கிப் போட மாட்டேன். எப்போது கேட்கிறீர்கள்? சரக்கு ஸ்டோருக்குள் வந்த அன்றைக்கே சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துவிடுகிறீர்களா, அல்லது வெல்டு முடிந்து, பெயின்ட் அடித்து, டிரெய்லர் வாசலில் நிற்கும்போது “ஹீட் நம்பர் காணோமே” என்கிறீர்களா? இரண்டாவது என்றால் ஃபோர்மேன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அந்த வரியை எழுதியிருப்பார். அவர் மொழியில் அது ‘எதற்கெடுத்தாலும்’. உங்கள் மொழிக்கு மாற்றினால் ‘கடைசி நேரத்தில்’. ஃபோர்மேனிடமே போய், “கடைசியா எந்த வேலையில நான் பேப்பர் கேட்டதால உங்களுக்கு லேட் ஆச்சு?” என்று கேளுங்கள். ஜாப் நம்பரோடு சொல்வார். அப்படி இரண்டு நம்பர் கிடைத்தால் உங்களுக்கு ஆர்1 எங்கே என்று தெரிந்துவிட்டது. மேலாளரின் ‘முன்முயற்சி’யும் இதே இடத்தைத்தான் சுற்றுகிறதோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. சர்டிஃபிகேட் வரும்வரை காத்திருக்காமல், ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்கலாமே என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது ஒன்றுமே நினைக்காமலும் எழுதியிருக்கலாம். மார்ச் கடைசியில், கணக்கு முடிக்கிற அவசரத்தில், இருபது படிவத்தை ஒரே மூச்சில் நிரப்புகிற மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயரை மறைத்துவிட்டால் யாருடைய படிவம் என்று அவர்களுக்கே தெரியாது. எல்லாரிடமும் முன்முயற்சி குறைவு, எல்லாரும் நல்ல பணியாளர்.

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்பெக்ஷன் இல்லாத ஒரு நாள், டீ நேரத்துக்குப் பிறகு: “சார், போன வருஷம் எந்த வேலையில நான் முன்கூட்டியே இறங்கியிருக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்.” அதன்பின் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் முன் “அது ஏன்னா சார்...” என்று ஆரம்பித்தால் அடுத்த வருஷமும் பொதுவாகவே எழுதிவிட்டுப் போவார். சொன்னதை அன்று மாலையே இரண்டு வரி மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு சம்பவமும் சொல்ல வரவில்லை என்றால், அந்த வரி படிவத்தை நிரப்ப வந்த வரி. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

அடுத்து, ‘கடுமை’. 2014-இல் கீரன் ஸ்னைடர் என்ற அமெரிக்கப் பெண், தொழில்நுட்பக் கம்பெனிகளின் 248 மதிப்பீட்டு அறிக்கைகளை வாங்கிப் படித்தார். ஆண்களுக்கு வந்த குறைகூறும் அறிக்கைகள் 83. அதில் குணத்தைக் குத்திக்காட்டியவை 2. பெண்களுக்கு வந்தவை 94. அதில் 71. அங்கேயே அப்படி என்றால் துவாக்குடியைப் பற்றி நான் என்ன சொல்ல. உங்கள் நாற்காலியில் முன்பு ஓர் ஆண் இருந்தாரா? அவரைப் பற்றி ‘கறாரான ஆள்’ என்று பெருமையாகச் சொல்வார்களா? அப்படியானால் இந்த வரியை மடித்து உள்ளே வையுங்கள். இல்லை, குறிப்பாக ஒரு ஹெல்ப்பரிடமோ புதிதாக வந்த பையனிடமோ நாலு பேர் முன்னால் சத்தம் போட்ட நாள் ஏதாவது ஞாபகத்துக்கு வருகிறது என்றால், அந்த நாள்தான் இந்த வரி.

‘ஒட்டுவதில்லை’ என்பதுதான் உங்களை அதிகமாகக் குடைகிறது. கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாமா? ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற ஒருவர் தனியே உட்கார்ந்து சாப்பிட்டால், இந்த ஊர் அதற்கு ஒரு பழைய அர்த்தம் வைத்திருக்கிறது. நீங்கள் எந்த வீட்டில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஃபைல் முடிக்கிற அவசரத்தில்தான் மேசையிலேயே டப்பாவைத் திறக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பார்க்கிறவர் மனசில் ஓடுவது ஃபைல் இல்லை. தம் தாத்தா காலத்துப் பந்தியை அவர் நினைத்துக்கொள்வார். இதைப் பேசாமல் மூடி வைத்துவிட்டு ‘டீம் ஸ்பிரிட்’ என்று பயிற்சி வகுப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

தாயார் சன்னிதிக்கு எதிரே கம்பர் மண்டபத்தைத் தாண்டித்தானே கோயிலுக்குள் போய்வருகிறீர்கள்? ராமாயண அரங்கேற்றத்துக்கு அங்கே வந்த கம்பருக்கு இரண்டு தடை வந்ததாகக் கர்ண பரம்பரைக் கதை. நம்மாழ்வாரைப் பாடிவிட்டு வா என்பது ஒன்று. அதையும் அரங்கனே கேட்டாராம். வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை எப்படிச் சேர்க்கலாம் என்று பண்டிதர்கள் கேட்டது மற்றொன்று. ஆராய்ச்சியாளர்கள் இதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பிடித்தது கம்பர் அந்த இரண்டையும் வேறு வேறாக நடத்தியது. எங்களில் ஒருவனாக வா என்று கேட்டதற்கு மறுப்பே சொல்லாமல் சடகோபர் அந்தாதியைப் பாடிக் கொடுத்துவிட்டார். வேலையில் கை வைத்ததற்கு ஒரு படலத்தைக்கூட எடுக்கவில்லை. நரசிம்மரான மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஒப்புக்கொண்டதாகக் கதை முடிகிறது.

வாரத்தில் இரண்டு நாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போங்கள். அதில் குறைந்துபோக ஒன்றும் இல்லை. எந்த ஜாப்புக்கு நாளைக்கு ரீஷூட், எந்த ஸ்டோர்கீப்பர் லீவு என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியவரும். ஹீட் நம்பர் விஷயத்தில் மட்டும் ஒரு பேப்பரையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேனில் வருகிறவரை விட்டுவிடுங்கள். அவர்தான் எழுதினார் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? ஐந்தே பேர் எழுதும்போது பெயரை மறைப்பது ஒப்புக்குத்தான் என்பது உண்மை. ஒரு சொல்லை வைத்தே ஆளைக் கண்டுபிடித்ததாக நினைப்போம். அந்த நினைப்பு தப்பாகவும் போகும். திருவானைக்கோயிலில் ஏறி பால்பண்ணை வருவதற்குள் அவரை நீங்கள் விசாரித்துத் தண்டனையும் கொடுத்து முடித்திருப்பீர்கள், எழுதியது பின் ஸீட்டில் தூங்குகிறவராக இருக்கும். மத்திய அரசு மூத்த அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இதே 360 டிகிரி முறையைக் கொண்டுவந்தபோது, 2017-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே அது வெளிப்படையாக இல்லை, ஆளாளுக்கு மாறுகிறது என்று குறைசொன்னது. சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார் என்று கேட்கவே முடியாத கருத்துக்கு அந்த அளவில்தான் இடம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 4,492 மேலாளர்களை அவரவர் மேலதிகாரிகள், சகாக்கள், கீழே வேலை செய்கிறவர்கள் மதிப்பிட்டதை வைத்து 2000-இல் வெளியான ஆய்வு அது. மதிப்பெண்களில் தெரிந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மதிப்பிட்டவரின் சொந்தப் போக்கிலிருந்து வந்ததாம். ஒருவர் எல்லாருக்கும் தாராளமாகப் போடுவார், ஒருவர் கை நடுங்கி நடுங்கிப் போடுவார். உங்கள் தாளில் உங்களைப் பற்றிய தகவலைவிட அந்த ஐந்து பேரைப் பற்றிய தகவல் அதிகம் இருக்கலாம். அதற்காகக் குறையே இல்லை என்று ஆகிவிடாது. எக்ஸ்ரேயில் தெரியாத குறையும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். சில கோணத்தில் கிடக்கிற விரிசல் ஃபிலிமில் விழாது, அல்ட்ராசானிக்கில்தான் பிடிபடும். மேலாளர் கண்ணுக்குப் படாதது ஃபோர்மேன் கண்ணுக்குப் படும். அதனால்தான் ஃபோர்மேனிடம் போகச் சொன்னேன்.

கருத்துச் சொன்னாலே ஆள் திருந்துவார் என்று நினைக்கிற மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. க்ளூகர், டினிசி என்ற இருவர் 1996-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் கருத்துச் சொன்னதால் வேலை மேம்பட்டிருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முன்பிருந்ததைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்ப, பலன் குறைந்துகொண்டே போனது. ‘ஒட்டுவதில்லை’ என்று ஒரு பெண்ணுக்குத் தாளில் அடித்துக் கொடுத்தால் மறுநாள் அவர் எப்படி ஒட்டுவார் என்று அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் யோசித்திருக்க வேண்டும்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தாளை வைத்து விடாதீர்கள். மேலாளரிடம் பேசுங்கள், ஃபோர்மேனிடம் இரண்டு ஜாப் நம்பர் வாங்குங்கள், சர்டிஃபிகேட்டைச் சரக்கோடு சேர்த்து வாங்கும்படி ஸ்டோரில் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மேலாளருக்கு ஜனவரிக்கு முன்னால் நடந்தது எதுவும் மார்ச்சில் ஞாபகம் இருக்காது. அடுத்த சுயமதிப்பீட்டில் ‘கடினமாக உழைத்தேன்’ என்று எழுதாமல், இன்ன மாதத்திலிருந்து டெஸ்பாட்ச் நாளில் சர்டிஃபிகேட்டுக்காக எந்த வண்டியும் நிற்கவில்லை என்று எழுதுங்கள். அப்படியும் 3 போட்டு, காரணம் கேட்டால் சிரித்து மழுப்பினால், அப்போது வெளியே பார்க்கலாம். ஐ.பி.ஆர். ஆவண வேலை முழுசாகத் தெரிந்தவர்களைத் துவாக்குடியிலும் மாத்தூரிலும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேர்காணலில் அந்த நோட்டு உதவும்.